முடுக்கும் மாடியும்: கொழும்பு நகரத் திட்டமிடலில் அயலவர் குரல்

கொழும்பு மாநகரின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் கோட்டையையும் துறைமுகத்தையும் ஆட்சியாளர் மாளிகைகளையும் பற்றியே எழுதினர். ஒழுங்கைகளின் வரலாறு அவர்களது கவனத்தை அதிகம் ஈர்க்கவில்லை. ஒரு காலத்தில் மாஞ்சோலைகள் சூழ்ந்த வளவுகளாக விளங்கிய கொட்டாஞ்சேனை, பொதுக் குழாயடியில் வரிசை நிற்கும் முடுக்கு வீடுகளின் பகுதியாக மாறியது எவ்வாறு? ஓடு வேய்ந்த தனி வீடுகளும் முற்றத்து மல்லிகையுமாக இருந்த வெள்ளவத்தை ஒழுங்கைகளிற் பத்து மாடிக் கட்டடங்கள் எழுந்தது யாருடைய தீர்மானத்தால்? இவ்வினாக்களுக்கு விடை தேடப் புகும்போது மற்றொரு வினா தவிர்க்க முடியாதவாறு எழுகின்றது. ஓர் அயலில் எது கட்டப்படலாம், எது கட்டப்படலாகாது என்பதில் அவ்வயலில் வாழ்வோருக்கு எக்காலத்திலேனும் வாய் இருந்ததா என்பதே அது.

கொட்டாஞ்சேனையிலிருந்து தொடங்குவதே பொருத்தம். ஒல்லாந்தர் காலத்திலும் ஆங்கிலேயர் ஆட்சியின் முற்பகுதியிலும் கோட்டைக்கு வடக்கேயுள்ள இம்மேட்டு நிலம் செல்வர் குடியிருப்பாக விளங்கியது. புளுமெண்டல் என்ற ஒல்லாந்தப் பெயருக்குப் பூப்பள்ளத்தாக்கு என்பது பொருள். பிற்காலத்தில் கொழும்பின் குப்பை மலையாகக் குவிந்த இடமும் அப்பெயரையே தாங்கி நின்றது என்பதை நகர வரலாறு தானாகவே எழுதிய அங்கதம் எனலாம். 1875ஆம் ஆண்டில் வேல்ஸ் இளவரசர் அலைதடுப்பு அணைக்கு அடிக்கல் நாட்டினார். 1885இல் தென்மேற்கு அணை நிறைவெய்தியது. அதுவரை காலித் துறைமுகத்தை நாடிய நீராவிக் கப்பல்கள் கொழும்புக்குத் திரும்பின. கோப்பி வீழ்ந்து தேயிலை எழுந்த காலமும் அதுவே. நிலக்கரிக் கிடங்குகள், அரிசிக் கிட்டங்கிகள், எண்ணெய்த் தாங்கிகள், பொதிவண்டிகள் ஆகியவை வடகொழும்பை நிறைத்தன. கரித்தூளும் வண்டியோசையும் தாங்கமாட்டாத செல்வர் தெற்கே கறுவாத்தோட்டத்துக்குக் குடிபெயர்ந்தனர். அவர்கள் விட்டுச்சென்ற வளவுகளின் பின்புறங்களில் ஒரே கூரையின்கீழ் ஒற்றையறைகள் வரிசையாக எழுந்தன. துறைமுகத்திலும் மாநகர சபையின் துப்புரவுப் பணியிலும் உழைத்த தென்னிந்தியத் தமிழரும், மலையாளிகளும், தென்னிலங்கைக் கிராமங்களிலிருந்து வந்த சிங்களவரும், முஸ்லிம்களும் அவற்றில் நெருங்கி வாழ்ந்தனர்.

இம்மாற்றத்தை எவரும் திட்டமிடவில்லை என்று கூறுவது மரபு. அது அரைகுறை உண்மை. நிலச்சொந்தக்காரர் ஒவ்வொருவரும் தத்தம் வளவில் எத்தனை அறை கட்டினால் எவ்வளவு வாடகை வரும் என்பதைத் திட்டமிட்டே செயற்பட்டனர். திட்டம் இருந்தது, அது தனியாரின் திட்டம். துறைமுகத்தின் பயனைக் குடியேற்ற அரசும் கம்பெனிகளும் பெற்றன, அதன் கரியைக் கொட்டாஞ்சேனை பெற்றது. பழைய கொட்டாஞ்சேனையின் தடயங்களாக இன்று எஞ்சியிருப்பவை பெரிதும் வழிபாட்டிடங்களே. ஒல்லாந்தரின் உல்வெண்டால் தேவாலயமும், புனித லூசியாள் பேராலயமும், பொன்னம்பலம் முதலியார் தொடக்கிப் பின்னர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லாற் புதுக்குவித்த பொன்னம்பலவாணேசர் ஆலயமும் அவற்றுட் குறிப்பிடத்தக்கவை. வீடுகள் கைமாறின, கூறுபட்டன, அழிந்தன. கோயில்கள் நின்றன. கோயிலுக்கு ஒரு சபை இருந்தது. ஒழுங்கைக்கு அவ்வாறான சபை எதுவும் இருக்கவில்லை.

மாநகர சபை இருந்ததே என வினவலாம். 1865ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்கீழ் உருவாகி 1866இற் கூடிய கொழும்பு மாநகர சபையிற் சொத்துத் தகைமை உடையோரே வாக்களித்தனர். முடுக்கின் சொந்தக்காரனுக்கு வாக்கு இருந்தது; முடுக்கில் வாழ்ந்தவனுக்கு இல்லை. ஆகவே சபையின் கண்ணுக்கு முடுக்கு ஒரு சுகாதாரப் பிரச்சினையாக மட்டுமே தென்பட்டது. 1914இற் கொள்ளைநோயாகிய பிளேக் துறைமுகத்தையும் அரிசிக் கிட்டங்கிகளையும் அண்டிய தெருக்களிற் பரவியபோது அப்பிரச்சினை மறைக்க முடியாததாயிற்று. எலி வர்க்கபேதம் பார்ப்பதில்லை. அடுத்த ஆண்டிலேயே 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர முன்னேற்றக் கட்டளைச் சட்டம் நிறைவேறியது.

இச்சட்டம் நீண்ட ஆயுள் படைத்தது. கொழும்பின் பல தலைமுறைக் கட்டடங்களை வடிவமைத்தது இதுவே. கட்டடத்தின் உயரத்தை வானத்தை நோக்கிச் சரிந்த ஒரு கற்பனைத் தளத்தினால் வரையறுத்தமை இதன் புகழ்பெற்ற அம்சம். 63½ பாகைக் கோணத்தில் அமைந்த அத்தளத்தைக் கட்டடம் ஊடறுக்கலாகாது. எளிய மொழியிற் கூறின், முன்னே திறந்து கிடக்கும் வெளியின் அகலத்தைப்போல ஏறத்தாழ இருமடங்கு உயரமே அனுமதிக்கப்படும். காற்றும் வெளிச்சமும் எதிர்வீட்டுக்காரனின் உரிமை என்ற கருத்து இக்கணக்கினுள் மறைந்திருக்கின்றது. ஆயினும் அவ்வுரிமையை எதிர்வீட்டுக்காரன் கோரவேண்டியதில்லை, கோரவும் முடியாது. கோணமானியுடன் வரும் அதிகாரியே அதனைக் காப்பார். மேலும் சட்டம் தனிக்கட்டடத்தைக் கண்டதேயன்றி, அக்கட்டடம் கடையா வீடா களஞ்சியமா என்பதனால் அயலில் நேரும் விளைவைப் போதியளவு கண்டதாகக் கூறமுடியாது.

அவ்விளைவைக் கருத்திற் கொள்ளும் முறைதான் வலயப்படுத்தல். இதன் பிறப்பிடம் ஜேர்மனி. பிராங்பேட் நகரம் 1891இல் வெவ்வேறு பகுதிகளுக்கு வெவ்வேறு விதிகளை வகுத்தது. 1916இல் நியூயோர்க் நகரம் முழுவதையும் தழுவிய வலய விதிகளை இயற்றியது. 1926இல் ஒகாயோ மாநிலத்தின் யூக்ளிட் என்னும் சிற்றூர் தொடர்பான வழக்கில் அமெரிக்க உயர்நீதிமன்றம் வலயப்படுத்தல் அரசியலமைப்புக்கு முரணானதன்று எனத் தீர்த்தது. இவ்வரலாற்றிற்கு இருண்ட பக்கமும் உண்டு. 1910இற் போல்ற்றிமோர் நகரம் கறுப்பர் எத்தெருவில் வாழலாம், வெள்ளையர் எத்தெருவில் வாழலாம் எனச் சட்டம் வகுத்தது. இத்தகைய சட்டங்களை 1917இல் அதே நீதிமன்றம் செல்லாதனவாக்கியது. நேரடியாகச் செய்ய முடியாததைக் காணி அளவு, மாடி எண்ணிக்கை முதலிய நிறமற்ற சொற்களாற் செய்யலாம் என்பதைப் பல ஊர்கள் விரைவிற் கண்டுகொண்டன. வலயக் கோடு புகையையும் இரைச்சலையும் தடுக்கும். விரும்பப்படாத மனிதரையும் தடுக்கும். வெள்ளவத்தையைப் பற்றிப் பேசுமிடத்து இவ்வுண்மையை மறத்தல் ஆகாது.

கொழும்புக்கு நவீன நகரத் திட்டமிடலைக் கொணர்ந்தவர் ஸ்கொத்லாந்து அறிஞர் பற்றிக் கெடிஸ். அவர் 1914இற் சென்னை மாகாண ஆளுநர் பெண்ட்லண்ட் பிரபுவின் அழைப்பை ஏற்று இந்தியாவுக்குப் புறப்பட்டார். உலக நகரங்கள் பற்றிய அவரது கண்காட்சிப் பொருள்களை ஏற்றிவந்த கப்பலை ஜேர்மானியப் போர்க்கப்பலாகிய எம்டன் மூழ்கடித்தது. சென்னையிற் குண்டு வீசித் தமிழ்ப் பேச்சுவழக்கிலே சாமர்த்தியசாலிக்கு ஒரு பட்டப்பெயராக நிலைத்துவிட்ட அதே எம்டன்தான். கெடிஸ் தளரவில்லை. தஞ்சாவூர் முதலான தமிழ்நாட்டு நகரங்களைச் சுற்றி அறிக்கைகள் எழுதினார். நெரிசலான தெருக்களை இடித்துச் சதுரங்கப் பலகைபோல நேராக்கும் பொறியியலாளர் முறையை அவர் கண்டித்தார். இடிக்க வேண்டியவற்றுட் குறைந்தளவை மட்டும் அகற்றி, மற்றவற்றைப் பேணும் முறையைச் சத்திரசிகிச்சைக்கு ஒப்பிட்டார். அதற்கு முன்னதாகத் தெருவில் நடந்து, அங்கு வாழ்வோரை அறியவேண்டும் என்பது அவரது நோக்கு. 1921இல் அவர் கொழும்பு பற்றி எழுதிய முன்னோடி அறிக்கை நகரத்தைக் கிழக்கின் பூங்கா நகராகக் கற்பனை செய்தது. அப்பூங்காவிற் பெரும்பகுதி கறுவாத்தோட்டத்துக்கே கிடைத்தது. நடந்து பார்க்க வேண்டும் என்ற அவரது அறிவுரை கோவைகளில் உறங்கியது.

1940இற் கிளிபர்ட் ஹொலிடே மேலும் ஒரு திட்டத்தை வரைந்தார். 1946இல் நகர, நாட்டுத் திட்டமிடல் கட்டளைச் சட்டம் வந்தது. வரைவுத் திட்டத்தைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து ஆட்சேபங்களைக் கேட்கும் நடைமுறை அச்சட்டத்தில் இருந்தமை கவனிக்கற்பாலது. 1948இற் சேர் பற்றிக் அபர்குரொம்பி, பெரிய இலண்டன் திட்டத்தை வரைந்து சில ஆண்டுகளே கழிந்திருந்த நிலையில், கொழும்புப் பிராந்தியத்துக்கான திட்டத்தை அளித்தார். இரத்மலானை, ஹோமாகமை, றாகமை ஆகியவற்றைத் துணை நகரங்களாக்கி நெரிசலைப் பரவலாக்குவது அதன் சாரம். இவையனைத்தும் படங்களாகச் சிறந்தன. ஆட்சேபம் கேட்கும் நடைமுறை ஏட்டில் இருந்தபோதிலும், பணமும் ஆளணியும் இன்மையாற் சட்டத்தின் பெரும்பகுதி நடைமுறைக்கு வரவில்லை. ஆட்சேபிக்க வாய்ப்பளித்த சட்டம் செயற்படவில்லை. செயற்பட்ட சட்டமாகிய 1915ஆம் ஆண்டுச் சட்டமோ அயலவரின் பேச்சைக் கேட்கவில்லை.

இதனிடையே வெள்ளவத்தை வளர்ந்துகொண்டிருந்தது. கொட்டாஞ்சேனையைத் துறைமுகம் உருவாக்கியது எனின், வெள்ளவத்தையை உருவாக்கியவை காலி வீதியும் கரையோர இருப்புப்பாதையும் ஆகும். வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட குறுகிய நிலத்திற் சீப்பின் பற்கள் போலக் குறுக்கே ஓடும் ஒழுங்கைகள் இதன் அமைப்பு. கால்வாயை அண்டி எழுந்த வெள்ளவத்தை நெசவாலை தொழிலாளர் குடியிருப்பொன்றையும் தோற்றுவித்தது. எனினும் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இப்பகுதியின் முகமாக விளங்கியவர் அரசாங்க எழுதுவினைஞரும் ஆசிரியரும் கணக்காளருமான யாழ்ப்பாணத்து மத்தியதர வகுப்பினரே. ஊரில் ஒரு வீடும் வெள்ளவத்தையில் ஒரு வாடகை வீடும் என்பது அவர்களது வாழ்முறை. ஓய்வு பெற்றதும் ஊருக்குத் திரும்பிவிடுவோம் என்ற எண்ணம், வாழும் தெருவின் எதிர்காலம் பற்றிய அக்கறையைக் குறைத்திருக்கவும் கூடும். 1942இல் தோன்றிய கொழும்புத் தமிழ்ச் சங்கமும் இராமகிருஷ்ண மிஷனும் இங்கு பண்பாட்டுக்கான களங்களாயின. வடிகால், கட்டட எல்லை, கடைகளின் பெருக்கம் என்பன அத்தகைய சங்கங்களின் விடயங்களல்ல எனக் கருதப்பட்டது.

1973ஆம் ஆண்டு இருபகுதிகளுக்கும் திருப்பமாக அமைந்தது. வீட்டுச் சொத்து உச்சவரம்புச் சட்டம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய வீடுகளின் எண்ணிக்கையை மட்டுப்படுத்தி, மேலதிகமானவற்றை அரசுடைமையாக்கியது. கொட்டாஞ்சேனை முடுக்குகளின் பழைய சொந்தக்காரர் மறைந்தனர். அவர்களுடன் ஓட்டை மாற்றவும் மலசலகூடத்தைப் பழுதுபார்க்கவும் பொறுப்பானவரும் மறைந்தனர். அவ்விடத்தை நிரப்பவே பொது வசதிகள் சபை அமைக்கப்பட்டது. அதே ஆண்டில் நிறைவேறிய அடுக்குவீட்டு உடைமைச் சட்டம், ஒரு மாடியிலுள்ள ஒரு வீட்டைத் தனி உறுதியால் உடைமையாக்கிக் கொள்ள வழிசெய்தது. அப்போது எவரும் அதிகம் கவனியாத இச்சட்டமே பிற்கால வெள்ளவத்தையின் வித்து.

1977இல் ஆட்சி மாறியது. திறந்த பொருளாதாரம் வந்தது. 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தினால் நகர அபிவிருத்தி அதிகாரசபை தோன்றியது. நிலத்தைச் சுவீகரிக்கவும் திட்டமிடவும் கட்டவும் முதலீட்டாளருடன் இணையவும் ஒரே நிறுவனத்துக்கு அதிகாரம் வழங்கப்பட்டது. திட்டமிடுபவனே வணிகனாகவும் இருப்பதன் ஆபத்தை அன்று உரத்துக் கூறியோர் சிலரே. 1982ஆம் ஆண்டுத் திருத்தத்தினால் ஏற்பட்ட திட்டமிடற் குழுவில் அரச திணைக்களங்களின் அதிகாரிகளே பெரிதும் இடம்பெற்றனர். அதிகாரங்களின் ஒரு பகுதி மாநகர சபைக்குக் கையளிக்கப்பட்டபோதும் வட்டாரவாசிக்கு அங்கும் ஆசனமில்லை. இதற்கு மேலாக, 1979ஆம் ஆண்டு உள்ளூராட்சித் தேர்தல்கள் விகிதாசார முறையில் நடந்தன. வட்டார உறுப்பினர் என்ற ஒருவர் இல்லாதொழிந்தார். ஒழுங்கையில் வெள்ளம் நின்றால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்பது மக்களுக்குத் தெரியாமற் போயிற்று.

இதே 1979ஆம் ஆண்டிலேதான் இவ்வரலாற்றின் மிக வியப்பான அத்தியாயமும் தொடங்குகின்றது. மாநகர சபையின் பொதுச் சுகாதாரத் திணைக்களமும் பொது வசதிகள் சபையும் யுனிசெப் நிறுவனத்தின் உதவியுடன் சேரிகளிலும் முடுக்குகளிலும் அடிப்படை வசதிகளைச் செய்யத் தலைப்பட்டன. குழாயும் மலசலகூடமும் கட்டினாற் போதாது, அவற்றைப் பராமரிக்க அங்குள்ளோரின் அமைப்பு ஒன்று வேண்டும் என்ற தேவையிலிருந்து சமூக அபிவிருத்திச் சபைகள் பிறந்தன. குடியிருப்பு மட்டத்தில் ஒரு சபை, மாநகர மாவட்ட மட்டத்தில் ஒரு சபை, நகர மட்டத்தில் மாநகர முதல்வர் தலைமையில் ஒரு குழு எனப் படிப்படியாக இவ்வமைப்பு உயர்ந்தது. கொட்டாஞ்சேனை, முகத்துவாரம், கிராண்ட்பாஸ், வனாத்தமுல்லை முதலிய பகுதிகளின் முடுக்குகளில் தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் ஒரே சபையில் அமர்ந்தனர். குழாயடி அவர்களைச் சேர்த்தது; சண்டையும் பெரும்பாலும் குழாயடியிலேயே நடந்தது.

1984இற் பிரதமர் பிரேமதாசாவின் பத்து இலட்சம் வீடுகள் திட்டம் தொடங்கியபோது இச்சபைகளுக்குப் புதிய முக்கியத்துவம் கிடைத்தது. அரசு வீடு கட்டிக் கொடுப்பதைக் குறைத்துக்கொண்டு, மக்கள் கட்டுவதற்குத் துணை நிற்கும் என்பது அத்திட்டத்தின் கொள்கை. தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகாரசபை குடியிருப்புகளிற் செயலமர்வுகளை நடத்தியது. பெண்கள், இளைஞர், கட்டட வேலையாளர், அதிகாரிகள் எனப் பிரிந்து அமர்ந்து ஒவ்வொரு குழுவும் தன் குறைகளை எழுதிச் சபையில் வைத்தது. பெண்கள் எழுதிய பட்டியலும் ஆண்கள் எழுதிய பட்டியலும் ஒன்றாக இருப்பது அரிது. தண்ணீர், இருட்டிய பின் மலசலகூடத்துக்குச் செல்லும் பாதை என்பன பெண்களின் பட்டியலில் முதலிடம் பெறக்கூடியவை. பின்னர் நிலத்தைப் பகிரும் செயலமர்வு நடக்கும். அளவு நாடாவும் முளையும் கயிறும் கொண்டு, பாதைக்கு எத்தனை அடி, எவருடைய குசினிச் சுவர் பின்வாங்க வேண்டும், யாருடைய பெட்டிக்கடை நிற்கலாம் என்பதை அங்கிருப்போரே பேசித் தீர்க்க வேண்டும்.

இங்குதான் நகரத் திட்டமிடல் வரலாற்றில் ஒரு சிறு புரட்சி நிகழ்ந்தது. 1986ஆம் ஆண்டு வர்த்தமானியில் வெளியான திட்டமிடல், கட்டட ஒழுங்குவிதிகளின்படி வீட்டுக் காணியின் ஆகக்குறைந்த பரப்பு 150 சதுர மீற்றர், அதாவது ஏறத்தாழ 6 பேர்ச். முடுக்குவாசிகளுக்கு இவ்விதி எட்டாக் கனி. ஆகவே இக்குடியிருப்புகள் விசேட திட்டப் பகுதிகளாகப் பிரகடனம் செய்யப்பட்டு, பொது விதிகளிலிருந்து விலக்கப்பட்டன. ஆகக்குறைந்த பரப்பு 2 பேர்ச் அளவுக்கு இறங்கியது. மற்றைய விதிகளைக் குடியிருப்போரே வகுத்தனர். கூரைத் தண்ணீர் எப்பக்கம் விழலாம், அடுத்த வீட்டை நோக்கி யன்னல் திறக்கலாமா, பொதுச் சுவரின் செலவை யார் ஏற்பது, வீட்டின் முன்னறையிற் கடையோ தையல் வேலையோ நடத்தலாமா என்பன அவ்விதிகளின் பொருள். சட்டநூல் வல்லுநர் எழுதும் வலய விதிகளுள் இவற்றுக்கு ஈடான நுணுக்கத்தைக் காண்பது கடினம். எதிர்வீட்டுக்காரனின் காற்றையும் வெளிச்சத்தையும் 1915இற் கோணமானி காத்தது. எழுபது ஆண்டுகளின் பின்னர் எதிர்வீட்டுக்காரனே எழுந்து பேசினான்.

இதனை மிகைப்படப் புகழ்வதும் தவறு. அரசு தன் செலவைக் குறைப்பதற்கே மக்கள் பங்கேற்பு என்ற சொல்லைக் கையாண்டது என்ற விமர்சனத்தில் நியாயம் உண்டு. இரண்டு பேர்ச் நிலத்தைப் பங்கிடும் சுதந்திரம் முடுக்குவாசிகளுக்குக் கிடைத்தது. பக்கத்திலே கிட்டங்கி வருவதா, துறைமுக வீதி அகல்வதா என்பவற்றைத் தீர்மானிக்கும் சுதந்திரம் கிடைக்கவில்லை. வேலியின் உட்புறம் மட்டுமே அவர்களது ஆட்சி. கட்சி அரசியலும் சபைகளுட் புகுந்தது. திட்டத்தை ஊக்கிய தலைவர் 1993 மே தினத்தன்று கொலையுண்டதன் பின்னர் அதன் உயிர்நாடி தளர்ந்தது. ஆயினும் விதியைப் பின்பற்றுவோரே விதியை எழுதிய காலம் ஒன்று கொழும்பில் இருந்தது என்பதை மறுக்கவியலாது. இன்னொன்றும் நோக்கத்தக்கது. அவ்வுரிமை நகரின் மிக வறியவர்களுக்கே கிடைத்தது. உறுதியும் வரிப் பற்றுச்சீட்டும் வைத்திருந்த வெள்ளவத்தை வீட்டுக்காரருக்கு அது ஒருநாளும் கிடைக்கவில்லை.

வெள்ளவத்தைக்கு அப்பத்தாண்டு வேறொன்றைக் கொணர்ந்தது. 1983 யூலை இறுதி வாரத்தில் இவ்வொழுங்கைகளிற் பல வீடுகளும் காலி வீதியின் தமிழர் கடைகளும் எரிந்தன. எரிந்த சொத்துகள் அவசரகால ஒழுங்குவிதிகளின்கீழ் அரசிடம் உரித்தாக்கப்பட்டு, புனருத்தாரணத்துக்கென அமைக்கப்பட்ட அதிகாரசபையின் பொறுப்பில் வந்தன. அஞ்சி விற்போரிடமிருந்து அடிமாட்டு விலைக்கு வாங்குவதைத் தடுப்பதே நோக்கம் எனக் கூறப்பட்டது. அந்நோக்கம் நியாயமானதே. எனினும் தன் வீட்டுச் சாம்பலின் உரிமையைத் திரும்பப் பெற மனு எழுதவேண்டிய நிலை உரிமையாளருக்கு ஏற்பட்டது. 1987இல் இவ்வேற்பாடு தனிச் சட்டமாயிற்று. பலர் திரும்பினர். பலர் காணியை விற்றுக் கடல் கடந்தனர்.

அவ்வாறு விற்கப்பட்ட காணிகளிலே தொடர்மாடிகள் எழுந்தமை தொண்ணூறுகளின் கதை. போரினால் வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வந்தோருக்குத் தங்க இடம் வேண்டியிருந்தது. வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் பெற்றோருக்காகப் பணம் அனுப்பினர். 1973ஆம் ஆண்டு அடுக்குவீட்டுச் சட்டம் இப்போது கைகொடுத்தது. மாடி வீட்டை விரும்பியமைக்கு நிலவிலை மட்டும் காரணமன்று. தனி வீட்டின் படலையைத் தள்ளித் திறந்த கூட்டத்தின் நினைவு நீங்காதவர்களுக்குக் காவலாளி நிற்கும் ஒற்றை வாசலும், ஒரே படிக்கட்டில் முப்பது தமிழ்க் குடும்பங்களும் பாதுகாப்பாகத் தோன்றின. வெள்ளவத்தையின் செங்குத்தான வளர்ச்சியை வெறும் வணிகப் பேராசை என்று கடிந்துவிட முடியாமைக்கு இதுவே காரணம். ஒழுங்கையின் அகலமோ கழிவுநீர்க் குழாயின் விட்டமோ வளரவில்லை என்பதும் உண்மையே. பத்து வீடுகளுக்கென அமைந்த பாதையில் நூறு வீடுகளின் வாகனங்கள் வந்தன.

இந்நிலையில் ஓர் ஒப்பீடு பயன் தரும். அமெரிக்கத் தலைநகராகிய வோஷிங்டனில் 1973ஆம் ஆண்டுத் தன்னாட்சிச் சட்டத்தின் பயனாக அயல் ஆலோசனை ஆணைக்குழுக்கள் ஏற்பட்டன. முதல் உறுப்பினர்கள் 1976இல் தெரிவாயினர். ஏறத்தாழ இரண்டாயிரம் பேருக்கு ஓர் உறுப்பினர், இரண்டாண்டுப் பதவிக்காலம், சம்பளம் இல்லை. வலய மாற்றம், மதுக்கடை அனுமதி, புதிய கட்டடம் ஆகியவை பற்றி இவ்வாணைக்குழு கூறும் கருத்துக்கு நகர நிறுவனங்கள் பெருமதிப்பு அளிக்க வேண்டும் எனச் சட்டம் கூறுகின்றது. கருத்தை ஏற்காவிடிற் காரணத்தை எழுத்தில் தரவேண்டும். கட்டளையிடும் அதிகாரம் அவற்றுக்கு இல்லை. ஆயினும் காரணம் கூறவேண்டிய கடப்பாடே அதிகாரிகளின் கையைப் பல வேளைகளிற் கட்டிவிடுகின்றது.

அத்தகைய ஆணைக்குழு ஒன்று 1995இல் வெள்ளவத்தையில் இருந்திருப்பின் யாது நிகழ்ந்திருக்கும்? ஒழுங்கையின் அமைதியைக் காக்க மூன்று மாடிக்கு மேல் வேண்டாம் என அது கூறியிருக்கலாம். அதனாற் பயனடைந்திருப்போர் ஏற்கெனவே அங்கு வீடுடையோர். கிளிநொச்சியிலிருந்து பெட்டியுடன் வந்து தங்குவிடுதியில் இருந்தவனுக்கு அச்சபையில் வாக்கு இருந்திருக்குமா? அயலவன் யார் என்ற வினா இலங்கைத் தலைநகரில் ஏட்டு வினாவாக இருந்ததில்லை. 2007 யூன் 7ஆம் நாள் கொழும்பின் தங்குவிடுதிகளிலிருந்து முந்நூறுக்கும் மேற்பட்ட தமிழர், நகரில் தங்கத் தக்க காரணம் இல்லையெனக் கூறப்பட்டுப் பேருந்துகளில் ஏற்றி அனுப்பப்பட்டனர். மறுநாள் உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. போல்ற்றிமோரின் பழைய கதை இவ்விடத்தில் நினைவுக்கு வருகின்றது. அயலவர் சபைக்கு அதிகாரம் கேட்போர், வாடகைக்காரரும் விடுதிவாசிகளும் அதில் அமர வழியுண்டா என்பதை முதலிற் கேட்கவேண்டும். கொட்டாஞ்சேனை முடுக்குச் சபைகளின் சிறப்பும் அதுவே. அங்கு உறுதி உடையவர் எவருமில்லை, வாழ்ந்தமையே தகைமை.

1999இல் வெளியான கொழும்பு நகர அபிவிருத்தித் திட்டம் நகரைச் செறிவான அபிவிருத்தி வலயம், கலப்பு அபிவிருத்தி வலயம், கடல்முகப்பு வலயம், துறைமுகச் சார்பு வலயம் எனப் பலவாறு பிரித்தது. கலப்பு என்ற சொல் நடைமுறையில் நெகிழ்ச்சியான சொல்லாயிற்று. வீட்டின் கீழ்த்தளம் கடையாகும், கடை வங்கியாகும், வங்கி மண்டபமாகும். பழைய நெசவாலை நின்ற பதினெட்டு ஏக்கர் நிலத்தில் ஹவ்லொக் சிற்றி என்னும் மாபெரும் குடியிருப்பு, வணிகத் தொகுதி எழுந்தது. ஆலைச் சங்கொலியைக் கேட்டு எழுந்த தெருக்கள் இன்று அதன் கோபுரங்களின் நிழலில் விழிக்கின்றன.

அயலில் இடமில்லாத வாதம் இறுதியில் நீதிமன்றத்தை நாடியது. காலிமுகத்திடலைத் தனியார் கம்பெனியொன்றின் பொழுதுபோக்குத் திட்டத்துக்கு நகர அபிவிருத்தி அதிகாரசபை வழங்க முற்பட்டதை எதிர்த்துச் சுற்றாடல் மன்றம் தொடுத்த வழக்கில் 2005 நவம்பரிற் தீர்ப்பு வெளியாயிற்று. கருத்து வெளியிடும் சுதந்திரம் பயனுடையதாக வேண்டுமெனின் தகவல் பெறும் உரிமை அதனுள் அடங்கும் என நீதிமன்றம் கொண்டது. பொதுத் தேவைக்கெனச் சுவீகரித்த நிலம் குழிப்பந்தாட்டத் திடலுக்குக் கைமாறிய விவகாரத்தில் 2008இல் மற்றொரு கண்டிப்பான தீர்ப்பு வந்தது. இத்தீர்ப்புகள் போற்றத்தக்கவை. ஆயினும் காலிமுகத்திடல் நாடறிந்த இடம். கொட்டாஞ்சேனையின் ஒரு முடுக்குக்காக உயர்நீதிமன்றப் படியேறுவோர் எத்தனை பேர்?

2010இல் நகர அபிவிருத்தி அதிகாரசபை பாதுகாப்பு அமைச்சின்கீழ்க் கொண்டுவரப்பட்டது. போர் முடிந்து ஓராண்டு. அதே ஆண்டு மே மாதத்திற் கொம்பனித்தெருவின் மியூஸ் வீதி வீடுகள் இடிக்கப்பட்டன. தொடர்ந்து வடகொழும்பிலும் பிற இடங்களிலும் உயர்மாடிகள் எழுந்தன. முடுக்குகளிலும் தோட்டங்களிலும் வாழ்ந்தோர் அவற்றுக்கு மாற்றப்பட, அவர்கள் விட்ட நிலம் வணிகத்துக்கு விடுவிக்கப்படும் என்பது திட்டம். மாடி வீட்டில் தண்ணீரும் தனி மலசலகூடமும் உண்டு. முடுக்கின் இழிநிலையைக் கவிதையாக்கி அதனைக் காக்கக் கோருவது அங்கு வாழாதோரின் ஆடம்பரம். ஆனால் 1986இல் தன் சுவரின் இடத்தைத் தானே பேசித் தீர்த்தவனிடம், பன்னிரண்டாம் மாடியில் அவனுக்கான கதவு எண் சீட்டுக் குலுக்கலில் அறிவிக்கப்பட்டது. முன்னறையில் இடியப்பம் விற்ற பெண்ணுக்கு மின்தூக்கியில் ஏறிவரும் வாடிக்கையாளர் இல்லை. கலப்பு வலயம் என்பது பெருங்கம்பெனிக்கு அனுமதிக்கப்பட்டது, இடியப்பக்காரிக்கு மறுக்கப்பட்டது.

இந்தியாவில் 1992ஆம் ஆண்டின் எழுபத்து நான்காம் அரசியலமைப்புத் திருத்தம் மூன்று இலட்சம் மக்கள்தொகைக்கு மேற்பட்ட நகரங்களில் வட்டாரக் குழுக்களைக் கட்டாயமாக்கியது. தமிழ்நாடு வட்டாரக் குழுக்களுக்கும் பகுதி சபைகளுக்குமான விதிகளை 2022இலேயே வெளியிட்டது. முப்பது ஆண்டுத் தாமதம் எனினும் விதி உண்டு. இலங்கையில் 2018 பெப்ரவரித் தேர்தலிற் கலப்பு முறை வந்தபோது ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளின் பின் வட்டார உறுப்பினர் மீண்டும் தோன்றினர். அச்சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிவடைந்து, அடுத்த தேர்தல் 2025 மே வரை பிற்போடப்பட்ட இடைவெளியில் ஆணையாளர்களே நகரை நிருவகித்தனர். இப்போது வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் உரிய வட்டார உறுப்பினர் மாநகர சபையில் அமர்ந்துள்ளனர். கட்டட அனுமதி விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் திட்டமிடற் குழுவோ வழமைபோல அதிகாரிகளைக் கொண்டே கூடுகின்றது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் அயல்வீட்டுக்காரர் ஒருவர் அவ்வனுமதிக் கோவையின் பிரதியைத் தமிழிலேயே விண்ணப்பித்துக் கோரலாம். தீர்மானத்தை அறிவிக்க அதிகாரிக்குப் பதினான்கு வேலை நாள்கள் உண்டு. அதற்குள் அடுத்த காணியில் அத்திவார முளைகள் இறங்கிவிடக் கூடும்.